பிடி தளர்ந்தால் எதை வாங்குவது?

ஊறுகாய் ஜாடியின் மூடி திறக்க வருவதில்லை. ஈரப் போர்வையைப் பிழிய இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறவருக்குக் கிளட்ச் பிடித்துப் பிடித்து விரல் கடுக்கிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேனை இறக்கும்போது கை நழுவுகிறது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று நடந்தால், அடுத்த வாரமே விளையாட்டுச் சாமான் கடையில் போய் "கையில வச்சு அமுக்குற ஸ்பிரிங் இருக்கா?" என்று கேட்கிறார்கள். சில நூறு ரூபாயில் கிடைத்தும் விடுகிறது. கொஞ்ச நாள் அமுக்குகிறார்கள். பிறகு முழங்கையில் வலி வருகிறது, அல்லது ஆர்வம் வடிந்துபோகிறது. ஸ்பிரிங் டிவி ஸ்டாண்டில் தூசு படிந்து கிடக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர வயதில் பிடியைத் திரும்பப் பெற நினைப்பவர் முதலில் வாங்கக் கூடாத பொருள் அந்த ஸ்பிரிங் கிரிப்பர்தான். அதை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வாங்கிக்கொள்ளலாம். முதலில் வேண்டியவற்றில் பாதி உங்கள் வீட்டுக் குளியலறையிலும் சமையலறையிலும் ஏற்கெனவே இருக்கிறது. எது, எதற்கு என்று தெரிய வேண்டுமானால், கை எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

பிடிக்கும் வலு எங்கே இருக்கிறது

விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநார்கள் மணிக்கட்டைக் கடந்து, உறை போன்ற சிறு குழாய்களுக்குள் புகுந்து, விரல் நுனி வரை ஓடுகின்றன. சைக்கிளில் கைப்பிடியை அழுத்தினால் உறைக்குள் ஓடும் கம்பி தூரத்திலுள்ள பிரேக்கை இழுக்கிறதே, அதே ஏற்பாடுதான். உள்ளங்கையிலும் கட்டைவிரல் மேட்டிலும் சின்னச் சின்னத் தசைகள் தனியாக உண்டு. ஊசி கோப்பது, பித்தான் போடுவது, சாவி திருகுவது போன்ற நுட்ப வேலையெல்லாம் அவற்றை நம்பி நடப்பவை.

இந்தப் பிரிவினையை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய சம்பவம் ஒன்று, திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியிலேயே நடந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்திருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1947இல் செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறுப்பிலிருந்தவர் ராபர்ட் காக்ரேன். விரல்கள் கொக்கிபோல் வளைந்துபோன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். செயலற்றது என்று எல்லோரும் நினைத்த அந்தக் கை, அவருக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. உள்ளங்கையின் சிறு தசைகள்தாம் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் நல்ல வலுவோடு இருந்தன. நன்றாக இருக்கும் முன்கைத் தசையொன்றின் நாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்குத் திருப்பிவிடும் அறுவை முறையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். கை சீரானவர்கள் தச்சு வேலை பழக நவஜீவ நிலையம் என்ற இடமும் அங்கே உருவானது. ஆனால் தொழுநோயால் உணர்ச்சி மரத்த கை ஒரு சுத்தியலையோ உளியையோ எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று அந்தக் கைக்கே தெரிவதில்லை. கைப்பிடி கரடாக இருந்தால் புண் வந்த பிறகுதான் கவனிப்பார்கள். பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் கருவிகளின் கைப்பிடியையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, அழுத்துகிற வலு வேறு, நுட்பமான பிடி வேறு. ஒரே சாமான் இரண்டையும் வளர்க்காது. இரண்டு, கருவியின் எடையைப் போலவே அதன் கைப்பிடியும் முக்கியம். பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்து கை மரத்துப்போகிறவர்கள் இந்த இரண்டாவதை மறக்கவே கூடாது.

நிலக்கடலைக் காட்டில் உள்ள மூன்று பிடிகள்

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. டி.எம்.வி. 2 ரகம் 1940இலேயே வந்துவிட்டது. கடலை இந்த வட்டாரத்தின் பயிர். அதை அறுவடை செய்கிற கை, ஒரே நாளில் பிடியின் எல்லா வகைகளையும் பயன்படுத்திவிடுகிறது.

செடியைக் கொத்தாகப் பற்றிப் பிடுங்குவது இறுக்கும் பிடி. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மூடிக்கொண்டு அழுத்துகின்றன. ஸ்பிரிங் கிரிப்பர் வளர்ப்பது இதை மட்டுமே. பிடுங்கியதைக் கட்டிக் களத்துக்குத் தூக்கிப் போவது தாங்கும் பிடி. இங்கே விரல் அசைவதில்லை. நழுவாமல் நெடுநேரம் நிற்க வேண்டும். காய்ந்த கடலையை உடைத்துப் பருப்பெடுப்பது கிள்ளும் பிடி; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நேருக்கு நேர் மோதுகின்றன. இந்த மூன்றுக்கும் நடுவே கை தன்னைத் தளர்த்தி விரிக்க வேண்டும். விரிக்கும் தசைகள் முன்கையின் மேல்பக்கம் உள்ளன. அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இப்போதே செய்து பார்க்கலாம். மணிக்கட்டை உட்புறமாக முழுக்க மடக்கிக்கொண்டு, அப்படியே முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். வலுவே வராது. இப்போது மணிக்கட்டைச் சற்றுப் பின்பக்கமாக நிமிர்த்தி இறுக்குங்கள். பிடி சட்டென்று ஏறும். மணிக்கட்டை அப்படி நிமிர்த்தி நிறுத்துவது மேல்பக்கத் தசைகளின் வேலை. அவை பலவீனமாக இருக்கும்போது, ஆர்வத்தில் ஸ்பிரிங்கைப் போட்டு அமுக்கினால் சுமை முழுவதும் முழங்கையின் வெளிப்புறத்தில் அவை ஒட்டியிருக்கும் இடத்தில் போய் விழுகிறது. முன்பு சொன்ன முழங்கை வலி பெரும்பாலும் அங்கேதான் வரும்.

தினமும் கையால் உழைப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர், கரும்பு வெட்டுகிறவர், திண்டிவனம் பக்கத்துக் கல்குவாரியில் துளைக்கும் கருவியைப் பிடிக்கிறவர், இவர்களுக்கு இறுக்கும் பயிற்சி எதுவும் கூடுதலாகத் தேவையில்லை. ஏற்கெனவே அளவுக்கு மேல் இறுக்குகிறார்கள். விரிக்கும் பயிற்சியும் ஓய்வும்தான் அவர்களுக்கு வேண்டும். குவாரித் தொழிலாளிக்கு விரல் வெளுத்து மரத்துப்போகிறது என்றால் அது அதிர்வினால் வரும் கேடாக இருக்கலாம். பயிற்சியில் சரியாகாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

எவ்வளவு குறைந்தால் குறைவு?

பிடியை அளக்கும் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முழுவலுவோடு அழுத்தினால் கிலோவில் எண் காட்டும். 2019இல் ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு ஒன்று வகுத்த வரம்புப்படி, ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் போனால் அது குறைந்த பிடி. முதுமையில் வரும் தசைத் தேய்வைக் கண்டுபிடிக்க வகுத்த எல்லை இது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர் அந்த எண்ணுக்கு அருகில் இருந்தால் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

ஊறுகாய் மூடிக்காக இவ்வளவு அக்கறையா என்று தோன்றலாம். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பியூர் ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,40,000 பேரின் பிடியை அளந்து, நான்கு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தது. பிடி ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரண வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடப் பிடி வலுவே இதை நன்றாக முன்கூட்டிக் காட்டியது. பந்தை அமுக்கினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. உடம்பு முழுக்கத் தசை தேய்ந்து வருவதைக் கை முதலில் காட்டிக்கொடுக்கிறது. அதனால் கைக்கு ஒரு சாமான் வாங்குகிறவர் காலுக்கு நடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டைனமோமீட்டரை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பேன். பிசியோதெரபி பிரிவுகளில் பெரும்பாலும் இருக்கும். வருடத்துக்கு ஓரிரு முறை அங்கே அளந்தால் போதும். வீட்டில் அளக்க ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தாலே போதும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் கையைச் சோதியுங்கள்

பிடி தளர்வதற்கு வயது மட்டுமே காரணம் என்று வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பல சமயம் ஒரு நோய் உள்ளே இருக்கும். ஸ்பிரிங் அதை மோசமாக்கும்.

இரண்டு கைகளையும் வணக்கம் சொல்வதுபோலக் குவியுங்கள். உள்ளங்கையும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு விரல்களுக்கு நடுவே வில்போல இடைவெளி நிற்கும். மூட்டைச் சுற்றியுள்ள தோலும் திசுவும் விறைத்துவிட்டதற்கான அடையாளம் அது. இவர்களுக்கு முதல் வேலை நீட்டிப் பழகுவது. இறுக்குவது அதற்குப் பிறகு.

அடுத்து, புறங்கைகளை ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழ்நோக்கித் தொங்க ஒரு நிமிடம் வைத்திருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் விறுவிறுப்போ மரமரப்போ வந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மணிக்கட்டின் குறுகிய வழியில் ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே வீக்கம் வந்தால் முதலில் அடிபடுவது நரம்பு. ராத்திரி கை மரத்து விழித்துக்கொண்டு உதறுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். சர்க்கரை, தைராய்டுக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

விரல் மடங்கி, "டக்"கென்ற சத்தத்தோடு நிமிர்கிறதா? தசைநார் தன் உறையில் சிக்குகிறது. இந்த நிலையில் எதையும் இறுக்கி அமுக்கக் கூடாது. சாவி திருகும்போது கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கிறதா? மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த மூட்டுத் தேய்மானம் சகஜம். கிள்ளிப் பிடிக்கும் பயிற்சிகளை அவர்கள் தவிர்த்து, பெரிய, பருத்த பிடிகளைப் பயன்படுத்த வேண்டும். காலையில் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை பார்த்துவிட வேண்டும். கழுத்து வலியோடு கை வலுவிழந்து, பித்தான் போட விரல் ஒத்துழைக்காவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

திடீரென்று ஒரு பக்கக் கை மட்டும் வலுவிழந்து, வாய் கோணுவதோ பேச்சு குழறுவதோ சேர்ந்தால் யோசிக்க நேரமில்லை. உடனே 108.

இந்த வட்டாரத்தில் போக இடங்கள் உண்டு. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை, இரண்டு ஊருக்கும் எட்டும் தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர். படுத்த படுக்கையாகவோ நடமாட முடியாமலோ இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

வாளிதான் முதல் கருவி

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, நான் முதலில் பரிந்துரைப்பது ஒரு பிளாஸ்டிக் வாளியை. பத்து லிட்டர் வாளி என்றால் எடையை நம் விருப்பப்படி மாற்றக்கூடிய டம்பெல் அது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கடையில் வாங்கும் டம்பெல் ஒரே எடையில் நிற்கும். வாளியில் அரை லிட்டர் அரை லிட்டராக ஏற்றிக்கொண்டே போகலாம். நடுவயது மூட்டுக்குத் தேவையானது இந்தச் சிறுகச் சிறுக ஏற்றம்தான்.

ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும். வாளியின் கம்பிப் பிடி விரலை அறுக்கும். பழைய துண்டையோ சைக்கிள் டியூபையோ அதன்மேல் சுற்றுங்கள். பிடித்தால் கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியை லேசாகத் தொடும் பருமன் போதும். சில வாரம் கழித்து இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பருமனைக் கூட்டினால், எடை அதே அளவில் இருந்தாலும் கட்டைவிரலுக்கு வேலை கூடும். பருமனான பிடிக்காகவே தனி ரப்பர் உறைகள் இணையத்தில் விற்கிறார்கள். டியூப் சுற்றிய வாளி அந்த வேலையைச் செய்துவிடும்.

ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு வாளி. முழங்காலை மடக்கி எடுங்கள், முதுகை வளைத்து எடுக்காதீர்கள். தோளைத் தளர்த்தி நிமிர்ந்து நின்று, வராந்தாவில் மெதுவாக நடங்கள். முப்பது விநாடி சிரமமில்லாமல் பிடிக்க முடிகிற எடையில் தொடங்கி, ஒரு நிமிடம் சுலபமாகும்போது அரை லிட்டர் ஏற்றுங்கள். ஒரு நோட்டில் தேதி, லிட்டர், விநாடி, இடது, வலது என்று எழுதி வையுங்கள். முன்பு சொன்ன வீட்டு அளவீடு இதுதான். தாங்கும் பிடி வளர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கடைத்தெருவில் பை சுமக்கும் வேலைக்கும், பிள்ளையைத் தூக்கும் வேலைக்கும் நேராக உதவும் பயிற்சியும் இதுவே.

அடுத்தது, ரப்பர் பேண்ட். பூக்கடையில் கட்டும் சாதாரண ரப்பர் பேண்ட் போதும். ஐந்து விரல் நுனியையும் குவித்து, வெளியே பேண்டைப் போட்டு, விரல்களை விரியுங்கள். பதினைந்து இருபது முறை. ஒரு பேண்ட் சுலபமானால் இரண்டு. இந்த வரிசையிலேயே மிக மலிவானது இது. மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். பைக் ஓட்டுபவர், தையல் மெஷினில் வேலை செய்பவர், நாள் முழுக்க போனைப் பிடித்திருப்பவர், எல்லோருக்கும் வாளிக்கு முன்பே இதைக் கொடுத்துவிடலாம்.

மணிக்கட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். முன்கையை மேசை மேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்க, உள்ளங்கை தரையைப் பார்க்க, பாட்டிலை மெதுவாக உயர்த்தி அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். பாதி நிரப்பித் தொடங்குங்கள். கொஞ்சம் வலுவந்த பிறகு, ஒரு துடைப்பக் கட்டையின் நடுவில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் அந்தப் பாட்டிலைத் தொங்கவிட்டு, கட்டையை இரு கையாலும் உருட்டிக் கயிற்றைச் சுற்றி ஏற்றி, அதேபோல் உருட்டி இறக்கலாம். ஜிம்மில் இதற்குத் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். இறக்குவதிலும் தசைக்கு வேலை இருப்பதால் அதை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

மாவு, மண், பந்து

நுட்பப் பிடிக்கு மருத்துவமனைகளில் வண்ண வண்ணமாக ஒரு பிசின் போன்ற பொருள் வைத்திருப்பார்கள். வண்ணத்துக்கு ஏற்ப இளக்கம் மாறும். வீட்டில் சப்பாத்தி மாவு அதற்குச் சமம். தண்ணீரைக் குறைத்தால் கடினம், கூட்டினால் இளக்கம். உருட்டுவது, நுனிவிரலால் கிள்ளுவது, விரல்களுக்கு நடுவே வைத்து நெரிப்பது, உள்ளே புதைத்த கடலைகளைத் தேடி எடுப்பது என்று ஒரு மாவு உருண்டையில் நிறையச் செய்யலாம். விழுப்புரம் – புதுச்சேரி சாலையில் உள்ள வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர்போனது. குயவர் மண் கிடைத்தால் மாவைவிட நல்லது. வேக வைக்காத நிலக்கடலையைக் கையாலேயே உடைப்பதும் கிள்ளும் பிடிக்கு அருமையான பயிற்சி. கட்டைவிரல் அடிமூட்டில் வலி இருப்பவர்கள் மட்டும் இதை விட்டுவிட வேண்டும்.

ஸ்பாஞ்ச் பந்து, சிரித்த முகம் போட்ட பந்து, இவை எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்களுக்கும் மிகவும் தளர்ந்த கைக்கும் தொடக்கத்தில் உதவும். சில வாரத்தில் பந்து சுலபமாகிவிடும். அதற்கு மேல் வலு வளராது. பக்கவாதம் வந்தவர் கையில் குடும்பத்தார் அன்போடு பந்தைத் திணித்துவிடுகிறார்கள். தயவுசெய்து பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். பக்கவாதத்தில் விரல்கள் தாமாகவே உள்ளே இறுகிக்கொள்ளும் நிலை சிலருக்கு உண்டு. அவர்களுக்கு ஓயாமல் பந்தை அமுக்குவது அந்த இறுக்கத்தையே கூட்டலாம். விரிக்கும் பயிற்சிதான் தேவைப்படும்.

சிலிக்கான் வளையம் பந்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் நிற்பது. சிறிய கை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஸ்பிரிங்கைவிட இது பொருந்தும். துருப்பிடிப்பதில்லை. வாங்குவதானால் இளக்கமானது ஒன்று, கடினமானது ஒன்று என்று இரண்டு வாங்குங்கள்.

இப்போது ஸ்பிரிங்கைப் பற்றி

மேலே சொன்னவற்றை இரண்டு மாதம் செய்த கை ஸ்பிரிங் கிரிப்பருக்குத் தயார். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. திருகு வைத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குறைந்த எண் 5 அல்லது 10 கிலோவில் தொடங்க வேண்டும். ஒரே கடினத்தில் நிற்கும் பழைய வகை ஸ்பிரிங்கை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கைப்பிடிகளுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பாருங்கள். நான்கு விரல்களின் நடுக்கணுவும் அதைத் தாண்டி வளைய வேண்டும். நுனிவிரல் மட்டும் எட்டினால் அது உங்கள் கைக்கான அளவு இல்லை. கடையிலேயே எட்டு முறை வலியில்லாமல் முழுக்க மூடிப் பாருங்கள். முடியாவிட்டால் எடுக்காதீர்கள். எத்தனை முறை அமுக்கினோம் என்று எண்ணும் மீட்டருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

அதில் போட்டிருக்கும் "60 கிலோ" என்ற எண்ணை நம்பி மகிழவும் வேண்டாம், மலைக்கவும் வேண்டாம். பிடியின் எந்த இடத்தில் அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். டைனமோமீட்டர் காட்டும் கிலோவோடு அதை ஒப்பிட முடியாது. இன்னொரு குறை, ஸ்பிரிங் தொடக்கத்தில் லேசாகவும் மூடும் இடத்தில் மட்டும் கடினமாகவும் இருக்கும். கட்டைவிரலுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அமெரிக்காவின் அயர்ன்மைண்ட் நிறுவனம் செய்யும் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் போன்ற உலோகக் கிரிப்பர்கள் வலுத்தூக்கும் வீரர்களுக்கானவை. இளைஞர் காணொளிகளைப் பார்த்து ஐம்பது வயதில் அதில் இறங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

கர்லாக்கட்டை வேறு வகை. அதைச் சுழற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் பிடி இறுகித் தளர்ந்து இறுகுகிறது. மணிக்கட்டு, முன்கை, தோள் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. நம் மண்ணின் பயிற்சி என்ற பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. உயிரற்ற ஸ்பிரிங்கை அமுக்குவதைவிடக் கைக்கு இது உண்மையிலேயே முழுமையான வேலை. புதுச்சேரியில் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு கிலோ கட்டையில், ஆசிரியர் முன்னால் தொடங்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் வருவது அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்கள் தோளைச் சரிசெய்த பிறகே இதற்கு வர வேண்டும். கம்பியைப் பிடித்துத் தொங்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் பாதம் தரையில் ஊன்றியபடி தொடங்குவது நல்லது.

எத்தனை நாள், எவ்வளவு

வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. தினமும் நூறு முறை அமுக்குவதில் வலு வளராது, தசைநார்தான் புண்ணாகும். முதல் சில வாரத்தில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருக்க இரண்டு மாதமாவது ஆகும். தசைநார் அதையும்விட மெதுவாகத்தான் பழகும். அதனால் கை "இன்னும் முடியும்" என்று சொன்னாலும் எடையை அவசரமாக ஏற்றாதீர்கள். மறுநாள் லேசான அசதி இருக்கலாம். மூட்டில் குத்தும் வலி, மரமரப்பு, வீக்கம் வந்தால் நிறுத்த வேண்டும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கக் கூடாது. அழுத்தம் அந்தக் கணத்தில் ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக நடக்கும். முழு வலுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இரண்டிரண்டு நிமிடமாக நிதானமாகப் பிடித்துப் பழகுவது நாளடைவில் ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்க உதவலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் சொல்லியிருக்கிறது. அதை மாத்திரைக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அளவுப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வாளி தூக்கினால் தசை எதைக் கொண்டு வளரும்? பருப்பு, முட்டை, மீன், சுண்டல் எதையாவது வேளைக்கு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நாற்பதைத் தாண்டிய எல்லோரையும், அம்மா, அத்தை, மாமனார் உட்பட, வணக்கம் சொல்லிக் கை குவிக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு துண்டு சுற்றிய வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, வலி இல்லாதவர்களை மட்டும் தூக்கி நிற்கச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தாலோ, அரை நிமிடம்கூட நிற்க முடியாவிட்டாலோ, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முண்டியம்பாக்கமோ திண்டிவனமோ போய் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். சாமான் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.